கூட்டாளி நாட்டுத் தூதரே பகைவர்போல் நடந்துகொண்டால், கலத்தலைவி எப்படி நிதானம் காப்பாள்?

தருமபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர்கள் சேர்ந்து ஓர் ஒலி நாடகம் எழுதுகிறார்களாம். 14 மாதப் பயணம் போகும் விண்கலம். கூட்டணி நாட்டுத் தூதர் ஒருவரும் அவருடைய உதவியாளர்களும் உடன் வருகிறார்கள். கூட்டணி இல்லாவிட்டால் பயணமே இல்லை. ஆனால் அந்தத் தூதர் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னிலையிலும் கலத்தலைவியை மட்டம் தட்டுகிறார், தன் பக்கத்துத் தகவல்களைத் தராமல் இழுத்தடிக்கிறார். “தலைவியைக் கோழையாகவும் காட்டக்கூடாது, சிடுமூஞ்சியாகவும் காட்டக்கூடாது. அவள் குத்தலாகப் பதிலடி கொடுக்கலாமா? நிஜமான ராஜதந்திரிகள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்?” என்று முடித்திருக்கிறார். கோபத்தை அடக்குவது எப்படி என்ற கேள்விபோல் இது தெரிந்தாலும், அவருக்குத் தேவைப்படுவது அதைவிடப் பெரிய விஷயம். விலகிப் போக வழியில்லாத இடத்தில், கைவிடவும் முடியாத ஒருவரை வைத்துக்கொண்டு, பதவியின் மதிப்பும் குறையாமல் வேலையும் நிற்காமல் எப்படி நடத்துவது? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

ஓசூர்ப் பக்கத்து ஆலைகளில் வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு நடக்கும் பேச்சுவார்த்தைகளில் மொழிபெயர்ப்பதும் குறிப்பெடுப்பதும் என் தொழில். தூதரக நெறிமுறைகளை முறையாகப் படித்திருக்கிறேன். தூதரகச் சட்டம் பற்றியும், இதுவரை நடந்த விண்வெளிப் பயணங்கள் பற்றியும் கீழே வருபவை உறுதியானவை. அவற்றை இல்லாத ஒரு கலத்துக்குப் பொருத்திச் சொல்வது ஊகம். அந்தந்த இடத்தில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன். உங்கள் தூதர் மனிதர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேற்றுக்கோளவாசி என்றால் முகபாவம், குரல், தூக்கம் பற்றிய பகுதிகளை அப்படியே தள்ளிவிடுங்கள்.

முதலில் எழுத்தாளர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். நிதானமான தலைவி என்றாலே கல் மாதிரி முகம், தாழ்ந்த குரல், கூர்மையான ஒற்றை வரிப் பதில் என்று எழுதிவிடுகிறார்கள். பேச்சுவார்த்தை மேசையில் நிதானமாக இருப்பவர்களைக் கவனித்தால், அது பெரும்பாலும் அவர்களுடைய சுபாவமாக இருக்காது. முந்தின வாரமே செய்துவைத்த ஏற்பாடாக இருக்கும். யார் முதலில் பேசுவது, எந்த எண்ணை நம்புவது, வாக்குவாதம் முற்றினால் எந்த நேரத்தில் இடைவேளை விடுவது என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்ந்திருந்தால், கோபப்பட வேண்டிய சந்தர்ப்பங்களில் பாதி தலைகாட்டாது. மீதிப் பாதிக்குத்தான் சுபாவம் தேவைப்படும். ஆகவே உங்கள் கதையில் தலைவியின் திறமை வெளிப்பட வேண்டிய முதல் இடம், கலம் கிளம்புவதற்கு முன் நடக்கும் ஓர் அலுப்பூட்டும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் அவள் முதலில் கேட்க வேண்டியது பொதுவான அளவுமானி. இதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒகேனக்கல்லுக்கு மேலே, கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில், பிலிகுண்டுலுவில் காவிரி நீரை அளக்கும் நிலையம். தமிழகமும் கர்நாடகமும் எத்தனையோ ஆண்டுகளாக வழக்காடுகின்றன. நடுவர் மன்றம் 2007இல் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 177.25 டி.எம்.சி. ஆக்கியது. எவ்வளவு வர வேண்டும் என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆனால் எவ்வளவு வந்தது என்பதை அளப்பது இரு மாநிலமும் அல்லாத மத்திய நீர் ஆணையம். அந்த ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் இரண்டு கணக்குகள் இருக்கும்; இரண்டு பேரும் அடுத்தவரைப் பொய்யர் என்பார்கள்.

கலத்துக்கு வருவோம். ஆக்சிஜன் இருப்பு, தண்ணீர் மீட்பு, எரிபொருள், தகவல் தொடர்புக்கான நேரப் பங்கீடு ஆகிய நான்குக்கும் ஒரே அளவுமானி இருக்க வேண்டும். அதைப் படிப்பவர்கள் இரு தரப்பிலிருந்தும் ஆளுக்கு ஒருவர். ஒரே நேரத்தில் படித்து, ஒரே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். கருவியைச் சரிபார்க்கும் தேதியும் முன்பே குறிக்கப்பட வேண்டும். இப்படிச் செய்துவிட்டால் “உங்கள் ஆட்கள் தண்ணீரைத் திருடுகிறார்கள்” என்று தூதர் மேசையில் கத்தும்போது, தலைவி தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. “காலை 6 மணிப் பதிவில் உங்கள் உதவியாளரின் கையெழுத்து இருக்கிறது. அந்த எண்ணில் சந்தேகம் என்றால் மறுசோதனைக்கு உத்தரவிடுகிறேன்” என்றால் போதும். அங்கே நிதானத்தைத் தருவது பதிவேடு.

இரண்டாவது, வரிசை. யார் முதலில் நுழைவது, யார் பெயர் முதலில் வருவது என்பதை அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்காக ஊரே இரண்டுபடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1661இல் லண்டனில், சுவீடன் தூதரை வரவேற்கும் ஊர்வலத்தில் யாருடைய வண்டி முன்னால் போவது என்று பிரெஞ்சுத் தூதரின் ஆட்களும் ஸ்பானியத் தூதரின் ஆட்களும் தெருவில் மோதினார்கள். ஆட்கள் செத்தே போனார்கள். 1815இல் வியன்னா மாநாடு இதற்கு ஒரு வழி கண்டது. நாட்டின் பலத்தைப் பார்க்காமல், தூதர் தன் வருகையை முறைப்படி அறிவித்த தேதியை வைத்தே வரிசை. 1961ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்திலும், பொறுப்பேற்ற தேதியும் நேரமும்தான் கணக்கு. இந்த முறையின் அருமை என்னவென்றால், பின்னால் நிற்பவருக்கு அவமானம் இல்லை. நாள்காட்டிதான் அவரைப் பின்னால் நிறுத்தியது. உங்கள் கலத்திலும் இருக்கை, பேசும் முறை, அறிவிப்பில் பெயர் வரும் வரிசை எல்லாவற்றையும் தேதியாலோ அகரவரிசையாலோ வாரச் சுழற்சியாலோ தீர்த்துவிடுங்கள். “இன்று உங்கள் முறை” என்று யாராலும் சொல்ல முடிய வேண்டும்.

எடையின்மையில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மேல், கீழ் இல்லாத அறையில் ஒருவர் மற்றவரின் தலைக்கு மேலே மிதந்துகொண்டு பேசலாம். தலைகீழாகத் தெரியும் முகத்தில் சிரிப்பா முறைப்பா என்று படிப்பது மனித மூளைக்குக் கடினம். எனவே கூட்ட அறையில் ஒரு பக்கத்தைத் தரை என்று வண்ணம் பூசி, கால்விரலை மாட்டிக்கொள்ளும் கம்பிகளை ஒரே மட்டத்தில் பொருத்த வேண்டும். கம்பியில் கால் மாட்டாமல் பேசும் ஆள் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பார். எதிரில் இருப்பவருக்கு அவர் நெருங்கி மிரட்டுவதுபோல் தோன்றும். உங்கள் கலம் சுழன்று செயற்கை ஈர்ப்பு தருகிறது என்றால் இந்தப் பத்தி தேவையில்லை. நாடகம் தொடங்கும் முன் அதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, பலருக்குத் தோன்றாதது: காற்று. திறந்தவெளியில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு அழுத்தம் (காற்றின் மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) சுமார் 0.3 மில்லிமீட்டர் பாதரசம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் பல ஆண்டுகளாக அது 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருந்திருக்கிறது. தலைவலி, மந்தம், எரிச்சல் என்று வீரர்கள் புகார் செய்திருக்கிறார்கள். எடையின்மையில் சூடான காற்று மேலே எழாது. காற்றோட்டம் குறைவான மூலையில் ஒருவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தங்கிவிடும். தூக்கமும் குறைவு, சராசரியாக 6 மணி நேரம்தான். முதல் நாட்களில் உடலின் திரவம் மேல்நோக்கி ஏறி முகம் உப்பி, மூக்கடைத்து, குரலும் மாறிவிடுகிறது. இத்தனையும் சேர்ந்தால், சாதாரணமாகச் சொன்ன ஒரு சொல்லே கடுப்பாகக் கேட்கும். தூதர் தினமும் ஒரே அறையில், ஒரே வேளையில் சீறுகிறார் என்றால் தலைவி முதலில் அந்த அறையின் காற்றளவைப் பார்க்கட்டும். கூட்டம் தொடங்க அரை மணி நேரத்துக்கு முன்பே காற்றோட்ட விசிறியை வேகப்படுத்தி, சந்திப்பை 40 நிமிடத்துக்கு மேல் நீட்டாமல் இருப்பது என் பரிந்துரை. அந்த 40 நிமிடம் ஆய்வில் வந்த எண் அல்ல. பூமியில் மூடிய அறைகளில் பேச்சு எப்போது சூடேறுகிறது என்பதை வைத்துச் சொல்கிறேன்.

இனி அவமதிப்பு நிகழும் அந்தக் கணம். ஒரு வசையில் எப்போதும் இரண்டு சரக்கு இருக்கும்: ஒரு குற்றச்சாட்டு, அதன்மேல் தடவிய விஷம். பதில் சொல்ல வேண்டியது முதலாவதற்கு மட்டும். “இந்தக் கலத்தில் ஒழுங்கு என்று ஏதாவது இருக்கிறதா? உங்களை யார் தலைவியாக்கினார்கள்?” என்று தூதர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கேள்வி விஷம். அதைத் தொடவே கூடாது. “எந்த ஒழுங்குமுறை மீறப்பட்டது என்று குறிப்பிடுங்கள். மாலை 5 மணிக்குள் எழுத்தில் பதில் தருகிறேன்” என்பது போதுமான பதில். இதில் மூன்று வேலை நடக்கிறது. வசை ஒரு புகாராக மாறுகிறது; ஆதாரம் காட்டும் பொறுப்பு அவர் தலையில் போகிறது; தலைவிக்கு மாலைவரை நேரம் கிடைக்கிறது. ஆனால் சொன்ன 5 மணிக்குப் பதில் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். ஒரு முறை தவறினால் அடுத்த முறை இந்த வாக்கியம் வெறும் நழுவலாகக் கேட்கும்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. “அமைதியாக இருங்கள்” என்று சொல்லி அமைதியானவர் யாரும் இல்லை. செய்யாத தவறுக்கு மரியாதைக்காக “மன்னிக்கவும்” என்று சொன்னால் அது மறுநாள் ஒப்புதலாகப் பதிவில் ஏறும். நகைச்சுவை இரு தரப்புக்கும் பொதுவான தாய்மொழி இல்லாத இடத்தில் அபாயம். நீண்ட விளக்கமும் வேண்டாம். விளக்கம் நீள நீள, கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ளக் கொம்பு கூடிக்கொண்டே போகும். உடலைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: பதிலுக்கு முன் ஒரு நிதானமான மூச்சு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக. கையில் பேனாவும் தாளும் இருக்கட்டும். அவர் சொன்னதை எழுதிக்கொள்வது, கண்ணை அவர் முகத்திலிருந்து மரியாதையாக எடுக்க ஒரு காரணம். தன் சொல் பதிவாகிறது என்று கண்டால் பெரும்பாலானவர்கள் அடுத்த வாக்கியத்தைக் கொஞ்சம் அளந்து பேசுவார்கள்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். தூதரின் மொழி தலைவிக்கு நன்றாகத் தெரிந்தாலும் முறையான சந்திப்பில் மொழிபெயர்ப்பு நடக்கட்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை கேட்பாள். யோசிக்க இரண்டு மடங்கு நேரம். கெட்ட மொழிபெயர்ப்பாளர் வசையை மழுப்புவார் அல்லது காரம் சேர்ப்பார். நல்லவர் இரண்டும் செய்யாமல், குரலை மட்டும் சமமாக வைத்துக்கொள்வார். இன்னொரு வழி 1975இல் கையாளப்பட்டது. அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத்தின் சோயுஸும் அந்த ஜூலை 17 அன்று பூமியின் சுற்றுப்பாதையில் இணைந்தன. அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியிலும், சோவியத் வீரர்கள் ஆங்கிலத்திலும் பேசினார்கள். அடுத்தவர் மொழியில் பேசும்போது யாரும் மெதுவாகவும் எளிமையாகவும்தான் பேச முடியும். தாய்மொழியில் வரும் குத்தல் பேச்சு அங்கே வராது. தினசரி வேலைப் பேச்சுக்கு உங்கள் கலத்தில் இந்த விதியை வைத்தால் காட்சிகளும் சுவையாக அமையும்.

அதே பயணத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. அப்பல்லோவில் கடல்மட்ட அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே கொண்ட தூய ஆக்சிஜன். சோயுஸில் நம்மைச் சுற்றியுள்ளது போன்ற நைட்ரஜன் கலந்த காற்று, முழு அழுத்தத்தில். கதவை நேராகத் திறக்க முடியாது. அமெரிக்கர்கள் சுமார் 3 மீட்டர் நீளமுள்ள இடைக்கூடம் ஒன்றைக் கட்டிக் கொண்டுபோனார்கள். சோவியத் தரப்பு தன் கலத்தின் அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டது. இணைப்புக் கருவியையும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பற்றும் பக்கமாக இருக்கக்கூடிய இரட்டை வடிவில் அமைத்தார்கள். யார் செயல்படுபவர், யார் ஏற்பவர் என்ற மானப் பிரச்சினையை உலோகத்திலேயே தீர்த்துவிட்டார்கள். உங்கள் கலத்தில் இருவருக்கும் சொந்தமில்லாத ஓர் அறையை வையுங்கள். அங்கே கொடி வேண்டாம், பதிவுக் கருவி வேண்டாம். கடினமான பேச்சு அங்கே மட்டும் நடக்கட்டும்.

தூதர் ஏன் இப்படி நடக்கிறார் என்பதையும் தலைவி தனக்குள் கேட்டாக வேண்டும். கூட்டாளி நாட்டின் பிரதிநிதிக்கு எதிரி நாட்டுப் பிரதிநிதிக்கு இல்லாத ஒரு பயம் இருக்கும்: தன் தலைநகரம் தன்னை “அவர்கள் ஆளாகிவிட்டான்” என்று நினைத்துவிடுமோ என்று. அவர் எல்லார் முன்னாலும் உறுமுவது பெரும்பாலும் தன் உதவியாளர்களின் காதுக்காக, அவர்கள் அனுப்பும் அறிக்கைக்காக. பார்வையாளர்களை நீக்கிப் பாருங்கள்; இருவர் மட்டும் இருக்கும்போதும் அதே கடுமை என்றால் அது உண்மையான பகை. தனிமையில் குரல் தணிகிறது என்றால், அவருக்கு வீட்டுக்கு அனுப்ப ஒரு வெற்றி தேவை. சிறியதாக, உண்மையானதாக ஒன்றைக் கொடுக்கலாம்: கூட்ட நேரத்தை அவர் கேட்டபடி மாற்றுவது, அவர் தரப்பு விஞ்ஞானியின் பெயரை அறிவிப்பில் முதலில் போடுவது. பாதுகாப்பையோ கட்டளை அதிகாரத்தையோ தொடும் எதையும் இந்தக் கணக்கில் கொடுக்கக்கூடாது.

2022ஐ இதற்காகப் பார்க்கலாம். அந்தப் பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின், ரஷ்ய விண்வெளி அமைப்பின் அப்போதைய தலைவர் சமூக ஊடகத்தில் மிரட்டலாகப் பேசிக்கொண்டிருந்தார். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சுற்றுப்பாதையை உயர்த்தும் வேலை பெரும்பாலும் ரஷ்யப் பகுதியைச் சார்ந்தது. மின்சாரத்துக்கு ரஷ்யப் பகுதி அமெரிக்கப் பகுதியைச் சார்ந்தது. யாரும் யாரையும் கழற்றிவிட முடியாது. மார்ச் 30 அன்று அமெரிக்கர் மார்க் வாண்டே ஹை, 355 நாள் தங்கலுக்குப் பிறகு, இரண்டு ரஷ்ய வீரர்களோடு சோயுஸ் கலத்தில் கசகஸ்தானில் பத்திரமாக இறங்கினார். ஜூலையில் ரஷ்ய வீரர்கள் உக்ரைனின் லுகான்ஸ்க் பகுதிப் பிரிவினைவாதிகளின் கொடியோடு நிலையத்தில் எடுத்த படம் வெளியானது. நாசா பகிரங்கமாகக் கண்டனம் தெரிவித்தது. நிலையத்தின் வேலை நிற்கவில்லை. அதே மாதம் இரு தரப்பும் இருக்கைகளைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. செப்டம்பரில் அமெரிக்கர் பிராங்க் ரூபியோ சோயுஸிலும், அக்டோபரில் ரஷ்யர் அன்னா கிகினா அமெரிக்கக் கலத்திலும் பறந்தார்கள். கண்டனம் ஒரு தடத்தில், வேலை இன்னொரு தடத்தில். உங்கள் தலைவி கோழையாகத் தெரியாமல் இருக்க இதுதான் வழி. பொறுத்துப்போவதோடு நிற்காமல், ஆட்சேபத்தை அன்றன்றே பதிவு செய்து, வேலையை அதற்குப் பணயம் வைக்காமல் நடத்துகிறாள்.

ஆட்சேபத்துக்குப் படிகள் உண்டு. அவற்றைத் தாண்டிக் குதிக்கக்கூடாது. முதல் படி, தனியே ஒரு வார்த்தை: “நேற்று மேசையில் சொன்னது என் குழுவினரைப் புண்படுத்தியது. அங்கே வேண்டாம், என்னிடம் நேரில் சொல்லுங்கள்.” அடுத்தது, தலைப்பும் கையொப்பமும் இல்லாத ஒரு காகிதத்தில் பிரச்சினையை எழுதிக் கையில் கொடுப்பது, யாரும் யாரையும் பிடிக்க முடியாத எழுத்து அது. அதற்கடுத்து நோட் வெர்பால் எனப்படும், படர்க்கையில் எழுதும் முறையான குறிப்பு. “கலத்தின் தலைமை, மாண்புமிகு தூதரின் அலுவலகத்துக்குத் தன் மரியாதையைத் தெரிவித்துக்கொண்டு, இதைக் கவனத்துக்குக் கொண்டுவருகிறது” என்று தொடங்கும். இந்தச் சடங்கு மொழி எழுதுபவரின் கோபத்தை நடையிலிருந்து வடித்துவிடுகிறது, அதனால்தான் இன்னும் நிலைத்திருக்கிறது. பிறகு கையொப்பமிட்ட எதிர்ப்புக் கடிதம். கடைசியில் சந்திப்புகளைக் குறைப்பது. மௌனத்தை ஒரு படியாக எண்ணாதீர்கள். கூட்டணி வேலையில் பதில் வராத கூற்று ஏற்கப்பட்ட கூற்றாகிவிடும். ஒவ்வொரு சந்திப்பின் குறிப்பும் 24 மணி நேரத்துக்குள் இரு தரப்பின் சுருக்கொப்பத்தோடு முடிய வேண்டும். உடன்படாத இடத்தில் இருவர் சொன்னதையும் பக்கம்பக்கமாக எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

பூமியில் இதற்கெல்லாம் மேலே இன்னொரு படி இருக்கிறது. 1961 ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவின்படி, காரணமே சொல்லாமல் ஒரு தூதரை ஏற்கத்தகாதவர் என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம். கலத்தில் அனுப்ப இடமில்லை. அறையில் அடைத்து வைக்கலாமா என்றால், 29ஆம் பிரிவு தூதரைக் கைது செய்வதையும் காவலில் வைப்பதையும் தடுக்கிறது. இந்த ஒப்பந்தம் ஒரு நாடு இன்னொரு நாட்டில் வைக்கும் தூதரகத்துக்கு எழுதப்பட்டது. விண்கலத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு, கலத்தைப் பதிவு செய்த நாட்டுக்கே அதன் மீதும் அதிலுள்ளவர்கள் மீதும் அதிகாரம் என்கிறது. இரண்டையும் எப்படி இணைப்பது என்பதற்கு முன்மாதிரி இல்லை. கதையில் கிளம்பும் முன் போட்ட உடன்படிக்கை இதைத் தீர்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இன்னின்ன நடந்தால் தூதரின் பணிகள் அவருக்கு அடுத்த நிலை அதிகாரிக்கு மாறும். தூதர் பயணியாக மட்டும் தொடர்வார் என்று ஒரு வரி.

நாடகத்துக்கு உதவும் ஒரு சட்ட நுணுக்கமும் இங்கே உண்டு. தூதரகக் கட்டடத்துக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது என்கிறது 1961 ஒப்பந்தம். தீப்பிடித்தால் நுழையலாம் என்று அதில் எங்கும் இல்லை. துணைத்தூதரகங்களுக்கான 1963 ஒப்பந்தம், தீ போன்ற பேரிடரில் அனுமதி இருப்பதாகவே கொள்ளலாம் என்கிறது. விண்வெளி நிலையத்தில் பயிற்சி பெறும் மூன்று அவசரநிலைகள் தீ, அழுத்த இழப்பு, நச்சுக்காற்று. மூன்றிலும் நிமிடங்கள்தான் கணக்கு. தூதரின் அறைக்குள் புகை வருகிறது, அவர் கதவைத் திறக்க மறுக்கிறார் என்றால் தலைவி என்ன செய்வாள்? 1963இன் விதியை அறைக்கதவிலேயே எழுதி, முதல் வாரத்தில் தூதரையும் சேர்த்து ஒத்திகை பார்த்திருந்தால் அது சச்சரவில்லாத மீட்பு. இல்லாவிட்டால் அத்துமீறல் என்ற புகார், கூட்டணி முறிவு.

தலைவி மட்டும் நிதானமாக இருந்தால் போதாது என்பதை மறந்துவிடாதீர்கள். நான் பார்த்த வரையில் உறவு கெடுவது மேசையின் கோடியில் இருக்கும் சிப்பந்திகளிடம்தான். தங்கள் தலைவியை அவமதித்தவருக்கு டீ தாமதமாக வரும். அவருடைய பெயரை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். அவர் அறையின் விசிறி பழுது நான்கு நாள் பட்டியலில் கிடக்கும். தூதருக்கு இது தலைவியின் கட்டளை என்றே தோன்றும். அதனால் அவள் குழுவினரைக் கூட்டி, என்ன நடந்தது, தான் என்ன பதில் அனுப்பினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பதில் கொடுக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தால் அவர்கள் தாங்களாகக் கொடுக்க மாட்டார்கள்.

அடக்கிய கோபம் வேறு வாசல் தேடும் என்பதும் தெரிந்த விஷயம். ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்திலும் சர்வதேச நிலையத்திலும் இருந்த குழுக்களை ஆராய்ந்த உளவியல் மருத்துவர் நிக் கேனஸ், உள்ளே இருக்கும் இறுக்கத்தைத் தரைக் கட்டுப்பாட்டு மையத்தின் மீது கொட்டுவது நடக்கிறது என்று காட்டினார். சிறு குழுக்களில் கண்டது என்பதால் உங்கள் பெரிய கலத்துக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தலைவி தூதரிடம் புன்னகைத்துவிட்டுத் தரையிலிருந்து வரும் சாதாரணக் கேள்விக்கு எரிந்து விழுவது நம்பத்தகுந்த காட்சி. அவளுக்கு வேண்டியது கட்டளை வரிசையில் இல்லாத ஒருவர், கலத்தின் மருத்துவர்போல. பதிவாகாத அறையில், வாரம் ஒரு முறை.

குத்தலாகப் பேசிப் பதிலடி கொடுப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட தருமபுரி மண்ணில் இருந்துகொண்டு ஔவையாரைச் சொல்லாமல் போக முடியாது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாக, காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் அவர் போனார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். “உன் வேல்கள் மாலை சூடி, நெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன” என்று அவர் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. வெளியே புகழ்ச்சி, உள்ளே எச்சரிக்கை. அதைக் கேட்டுத் தொண்டைமான் போரைக் கைவிட்டான் என்பது பின்னால் சொல்லப்படும் கதை. பாட்டில் அது இல்லை. எப்படியானாலும் ஔவையார் அன்றே புறப்பட்டுத் தகடூர் திரும்பலாம். உங்கள் தலைவி மறுநாள் காலை அதே மேசையில் அதே மனிதர் எதிரில் உட்கார வேண்டும். அந்த வகை வாக்கை 14 மாதத்தில் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். முடிந்தால் கலம் துறை சேரும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அவள் ஒரு முறையாவது கோபப்படலாமா? படலாம், தானே முடிவு செய்த இடத்தில். குழுவினரின் உயிரைத் தொடும் ஒரு செயலுக்கு, உதாரணமாகத் தூதரின் ஆள் அழுத்தக் கதவின் பூட்டைக் கழற்றியதற்கு, அந்தக் கோபம் வரட்டும். ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் செயலைப் பற்றி மட்டும் நான்கு வாக்கியங்கள், நின்றபடி, தூதரின் உதவியாளர்கள் இல்லாத இடத்தில். முடித்ததும் அடுத்த சந்திப்பின் நேரத்தைச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். மறுநாள் அந்த நேரத்துக்கு ஒரு நிமிடமும் தாமதிக்காமல், வழக்கமான நிகழ்ச்சிநிரலோடு, முதல் விஷயமாகக் காலை 6 மணிப் பதிவேட்டை எடுத்து வைக்க வேண்டும். தூதர் அதில் கையெழுத்திடுகிறாரா மறுக்கிறாரா என்பதிலிருந்து உங்கள் அடுத்த பகுதியை எழுதத் தொடங்கலாம்.